வைக்கோலைக் கட்டினால் போதுமா, கரை சேர்க்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலில் கொளுத்தாதீர்கள், இயந்திரம் வைத்துக் கட்டி விற்றால் நாலு காசு வரும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கட்டிய கட்டு நடு வயலிலிருந்து ரோட்டுக்கு எப்படி வந்து சேருகிறது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்தக் கொஞ்ச தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் நீடாமங்கலம் பக்கத்து ஆள். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கீழே, கோரையாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், வீட்டில் மாடுகள். ஒரு மினி டிராக்டரும் அதற்கேற்ற டிரெய்லரும் இருக்கின்றன. அப்பா காலத்துப் பவர் டில்லர் ஒன்று இன்னும் ஓடுகிறது. தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது என் சொந்த வயல் வேலையைவிட, அக்கம்பக்கத்து வயல்களிலிருந்து வைக்கோலை ஏற்றி வெளியே கொண்டுவருகிற வேலைதான் எனக்கு அதிகம். அதனால் இதில் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். செயின் வண்டி, அதாவது டயருக்குப் பதில் செயினில் ஓடுகிற அறுவடை இயந்திரம், அறுத்துவிட்டுப் போனதும் வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கும். மேல் பனி காய வேண்டும். காலை பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் கட்டுகிற மெஷினை உள்ளே விட முடியும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய அந்த மெஷின் வைக்கோலை வாரிச் சுருட்டி, சணல் சுற்றி, உருளையாக வெளியே தள்ளும். எங்கள் பக்கம் இதை 'ரோல்' என்றுதான் சொல்வோம். குறுக்களவு சுமார் இரண்டு அடி, நீளம் மூன்றடிக்குக் கொஞ்சம் கூட. காய்ந்த ரோல் இருபது கிலோவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருக்கும். ஈரம் இருந்தால் முப்பதைத் தொடும். ஏக்கருக்கு முப்பது, நாற்பது ரோல் விழும்.

இந்த அளவு எங்களுக்குச் சரியாகப் பொருந்தி வந்திருக்கிறது. ஒரு ஆள் தூக்கித் தோளில் வைக்கலாம். வரப்பு ஏறி, வாய்க்கால் தாண்டி நடக்கலாம். பவர் டில்லர் டிரெய்லரில் ஏற்றலாம். இரண்டு மாடு வைத்திருக்கிற வீட்டுக்காரம்மா வந்து ஒன்றோ இரண்டோ வாங்கி, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் குறுக்கே போட்டுக் கட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு மாடு நாளைக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல் தின்னும். அவிழ்த்த ரோல் அவர் வீட்டில் மழையில் நனைவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

இப்போது பெரிய ரோல் வரப்போகிறது என்கிறார்கள். போன மாசியில் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு விற்பனையாளர் பெரிய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார். நானும் போயிருந்தேன். நான்கடி விட்டம், நான்கடி அகலம். ஒரு ரோல் 200 கிலோ வரும் என்றார். சின்ன ரோலில் விட்டம் இரண்டடி என்றால் இதில் நான்கடி. விட்டம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு நான்கு மடங்காகும். அகலமும் கூட, அழுத்தமும் கூட. எடை எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மெஷின் பின்கதவைத் திறந்து முதல் ரோலை வெளியே விட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். அழகான வேலைதான், மறுக்கவில்லை. அப்போது கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்:

"தம்பி, கட்டிட்டீங்க, சரி. இத எப்படி வெளியே கொண்டு போறது?"

"அதுக்கு லோடர் தனியா வாங்கணுங்க ஐயா."

"லோடர் எந்த வழியா உள்ளே வரும்?"

விற்பனையாளரிடம் பதில் இல்லை. அந்த வயலுக்கு வண்டி வர ஒரே வழி, வாய்க்கால் மேல் இருக்கிற குறுகலான மதகு. பக்கத்து வயல்காரர் அறுத்து முடித்திருந்தால்தான் அதற்கும் வழி.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான்கு பேர் சேர்ந்து ரோலை உருட்டினார்கள். வயலில் உருண்டது. உருள உருள அடிப்பக்கம் சேறு அப்பிக்கொண்டே வந்தது. வரப்பருகே வந்ததும் நின்றுவிட்டது. ஒரு முழ உயர வரப்புதான், ஆனால் நான்கு பேர் தோள் கொடுத்தும் ஏறவில்லை. விற்பனையாளர் கூடவே கொண்டுவந்திருந்த ஈட்டியை, அதாவது நுனி கூர்மையான நீண்ட இரும்புக் கம்பி பொருத்திய சட்டத்தை, ஒரு மினி டிராக்டரின் ஹைட்ராலிக்கில் மாட்டி, ரோலின் நடுவில் குத்தித் தூக்கினார்கள். தூக்கிவிட்டது. சமதரையில் நன்றாகவும் போனது. வாய்க்கால் கரை மேட்டில் ஏறும்போதுதான் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஓட்டிய பையன் ஸ்டியரிங்கை ஒடித்தான். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நல்ல வேளை, அவன் கிளட்சை மிதித்து ஹைட்ராலிக் லிவரைக் கீழே தள்ளிவிட்டான். ரோல் தரையைத் தொட்டதும் முன்பக்கம் தொப்பென்று இறங்கியது. அந்தப் பையனின் அம்மா வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் பொக்லைன் வரவழைத்து ரோலை வெளியே எடுத்தார்கள். அது வந்து போன தடத்தில் இரண்டு வரப்பு காணாமல் போனது.

இது ஏன் நடந்தது என்று விளக்குவது அவசியம். மினி டிராக்டர் வாங்கும்போது ஹைட்ராலிக் 750 கிலோ தூக்கும் என்று சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அது கீழ் லிங்க் நுனியில், அதாவது பின்னால் கருவி மாட்டுகிற இரண்டு இரும்புக் கைகளின் முனையில், அளந்த கணக்கு. நான்கடி ரோலின் பாரம் லிங்க் நுனியில் நிற்பதில்லை, அதற்கும் இரண்டடி பின்னால் போய் நிற்கும். பாரம் பின்னால் போகப் போக, டிராக்டர் பின் அச்சைத் தாங்கலாக வைத்து ஏற்றம் மாதிரி வேலை செய்யும். பின்னால் 200 கிலோ தொங்கினால் முன் அச்சிலிருந்து ஏறக்குறைய அதே அளவு எடை குறைந்துபோகும். மினி டிராக்டரின் மொத்த எடையே ஒரு டன்னுக்குப் பக்கம்தான், அதில் முன்சக்கரங்கள் தாங்குவது பாதிக்கும் குறைவு. மீதமிருக்கிற கொஞ்ச எடையும் மேட்டில் ஏறும்போது, குழியில் விழுந்து எழும்போது போய்விடும். எடை இல்லாத சக்கரம் வண்டியைத் திருப்பாது. ஹைட்ராலிக் தூக்குகிறதா என்று மட்டும் பார்த்து வண்டியை எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. தூக்க முடிவது ஒரு கணக்கு, தூக்கிக்கொண்டு நடமாடுவது வேறு கணக்கு.

முன்பக்கம் இரும்பு எடைகள் மாட்டினால் ஓரளவு சரியாகும். எந்த டிராக்டர் கடையிலும் கிடைக்கும். எங்கள் பக்கம் அதை மாட்டிய மினி டிராக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்னொரு வழி, ரோலை முன்பக்க லோடரில் தூக்குவது. அப்போது ஆபத்து முன்னால் வந்துவிடும். பின்சக்கரம் லேசாகிப் பிடிப்பு போகும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. பின்னால் எடை கட்டித்தான் ஓட்ட வேண்டும். லோடரை உயர்த்திக்கொண்டு போனால் ரோல் உருண்டு ஓட்டுபவர் மடியிலேயே விழும். வெளிநாடுகளில் இப்படி நசுங்கி இறந்தவர்கள் பலர். அதனால்தான் அங்கே ஓட்டுபவரைச் சுற்றிக் காப்புச் சட்டம், ரோலை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி எல்லாம் வைத்தார்கள். நம் மினி டிராக்டர்களில் பெரும்பாலும் தலைக்கு மேல் ஒரு வெயில் கூரை இருக்கும், அவ்வளவுதான்.

உருண்டைக் கட்டு என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், சரிவான வயலிலிருந்து சுமார் 600 கிலோ எடையுள்ள ரோல் ஒன்று தானாக உருண்டு, வேலியைத் தாண்டிச் சாலையில் போன வேன் மீது விழுந்தது. வேனை ஓட்டிவந்த மைக் எட்வர்ட்ஸ் அங்கேயே இறந்தார். ஒரு காலத்தில் எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா என்ற புகழ்பெற்ற இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர். நம் டெல்டா சமவெளி, சரிவு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆற்றுக்கரை இருக்கிறது ஐயா. எங்கள் ஊரில் பாதி ரோடு ஆற்றுக்கரை மேல்தான் போகிறது. லாரி வரும் வரை ரோல்களைக் கரை மேல்தான் அடுக்கி வைப்போம். கரைக்குக் கீழே வீடுகள் இருக்கின்றன, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இருபது கிலோ ரோல் உருண்டு வந்தால் பிள்ளை விழுந்து எழுந்துவிடும். 200 கிலோ ரோலை நினைத்துப் பாருங்கள்.

குமுளூர் வேளாண் பொறியியல் கல்லூரியில் படித்த என் அண்ணன் மகனிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் இந்த மெஷினின் பழைய கதையைச் சொன்னான். உருண்டையாகக் கட்டும் மெஷினுக்கு அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த உம்மோ லூபென் என்ற விவசாயி 1910-லேயே காப்புரிமை வாங்கினார். 1947-ல் ஆலிஸ் சால்மர்ஸ் கம்பெனி அதை 'ரோட்டோ பேலர்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் வந்த கட்டு சுமார் 20 கிலோவிலிருந்து 45 கிலோ வரைதான். நம் ரோலுக்கு நெருக்கமான சொந்தம். பெரிய ரோல் வந்தது 1971-ல். அயோவா மாநிலம் பெல்லா ஊரைச் சேர்ந்த கேரி வெர்மீர் அதைக் கொண்டுவந்தார். ஒரு டன் வரைக்கும் எடை வரும். அங்கே ஆள் கிடையாது, பண்ணை பெரியது. ஒரே ஆள் டிராக்டரில் உட்கார்ந்தபடியே காய்ந்த புல்லைக் கட்டி, தூக்கி, மாட்டுக்குப் போட்டு முடிக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். ஆக, அந்தப் பெரிய கட்டு பெரிய டிராக்டர், தூக்குகிற கருவி, அகலமான பாதை, திறந்த வயல் எல்லாவற்றோடும் ஒரு செட்டாக வளர்ந்தது. நம்மிடம் அந்த செட்டிலிருந்து கட்டுகிற மெஷினை மட்டும் பிரித்து விற்க வருகிறார்கள்.

மலைச்சரிவில் சின்னச் சின்னப் புல்வெளி வைத்திருக்கிற இத்தாலிக்காரர்களும், நம்மைப் போல் சிறு வயல் வைத்திருக்கிற ஜப்பான்காரர்களும் பெரிய ரோலுக்குப் போகாமல் மினி ரோலை வைத்தே காலம் தள்ளுகிறார்கள் என்றும் அவன் சொன்னான். அங்கே தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. அவர்கள் வயலுக்கு அதுதான் தோதாக இருக்கிறது.

இனி எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு விஷயம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, கதிர் நிற்கும்போதே, மண் மெழுகு பதத்தில் இருக்கையில் உளுந்தோ பச்சைப்பயறோ விதைத்துவிடுவோம். அறுக்கிற நேரத்தில் அது முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும். தண்ணீர் கிடையாது, உழவு கிடையாது, மண்ணில் இருக்கிற ஈரத்தையும் பனியையும் குடித்தே வளரும். டெல்டாவில் எத்தனையோ குடும்பத்துக்குச் சித்திரைக் கைச்செலவுக்கு இந்த உளுந்துதான். ஏற்கெனவே செயின் வண்டி ஒரு முறை அதன் மேல் ஏறி இறங்கிவிட்டது. அப்புறம் கட்டுகிற மெஷின் ஒரு முறை. மூன்றாவதாக ஏற்றுகிற வண்டி. அந்த மூன்றாவது வண்டி எவ்வளவு லேசாக இருக்கிறது, எந்தத் தடத்தில் போகிறது என்பதில்தான் உளுந்து பிழைப்பதும் அழிவதும் இருக்கிறது.

நான் என்ன செய்வேன் என்றால், டிராக்டரை வயலுக்குள் விடுவதே இல்லை. வரப்போரமாக ஒரே தடத்தில் நிறுத்திக்கொள்வேன். ஆட்கள் ரோலைத் தூக்கி வந்து கொடுப்பார்கள். வயல் பெரிதாக இருந்தால் பவர் டில்லரை மட்டும் உள்ளே விடுவேன், அதுவும் செயின் வண்டி போன தடத்திலேயே. புதுத் தடம் போடக் கூடாது என்பது என் வண்டியில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ரோலை உருட்டவும் கூடாது, உருட்டினால் முளை சாய்ந்துவிடும். கட்டிய அன்றே எடுத்துவிட வேண்டும். ரோல் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் கிடந்தால் அடியில் இருக்கிற முளை வெளுத்துப்போகும். எடுத்த பிறகு வயலைப் பார்த்தால் தெரியும், ரோல் கிடந்த இடமெல்லாம் மஞ்சளாக இருக்கும்.

இந்த இடத்தில் 200 கிலோ ரோலை வைத்துப் பாருங்கள். அதைக் கட்டவே பெரிய டிராக்டர் வேண்டும். தூக்க இன்னொன்று. இரண்டும் வயல் முழுக்க, ஒவ்வொரு ரோல் கிடக்கிற இடத்துக்கும் போய்த் திரும்ப வேண்டும். நம் களிமண்ணில் ஈரம் இருக்கும்போது பார வண்டி ஓடினால் விழுகிற பள்ளம் அடுத்த குறுவைக்குச் சேறடிக்கிற வரை அப்படியே நிற்கும். வைக்கோலில் வருகிற காசை உளுந்தில் விட்டால் விவசாயிக்கு என்ன மிச்சம்?

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தை மாதப் பனியில் வைக்கோல் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். சின்ன ரோல் இரண்டு வெயிலில் நிமிர்த்தி வைத்தால் காய்ந்துவிடும். பெரிய ரோலின் நடுப்பகுதிக்குக் காற்றே போகாது. ஈரத்தோடு கட்டியது உள்ளே புழுங்கிச் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டு விலகும். சூடு மிகுந்து தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு. குறுவை வைக்கோலில் இது இன்னும் மோசம், அறுப்பு முடிகிற புரட்டாசி, ஐப்பசியில் மழை வந்துவிடும்.

பெரிய ரோலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரோட்டோரம் பரந்த வயல் இருக்கிறவர், உளுந்து போடாதவர், மொத்தமாக ஆலைக்கு அனுப்புகிறவர், லோடரும் காப்புச் சட்டமும் உள்ள பெரிய டிராக்டர் வைத்திருக்கிறவர், தாராளமாகச் செய்யட்டும். ஒரு ரோலில் பத்து ரோல் வேலை முடியும். ஏற்றுக்கூலி மிச்சம். என் கவலையெல்லாம், மானியம் கிடைக்கிறது என்று கட்டுகிற மெஷினை மட்டும் வாங்கிவிட்டு, ஊரில் இருக்கிற மினி டிராக்டர்களையும் அதை ஓட்டுகிற பையன்களையும் அந்தப் பாரத்தில் பிணைத்துவிடுவார்களே என்பதுதான்.

சின்ன ரோலிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அது மின்கம்பி. வைக்கோல் ஏற்றிய வண்டி கம்பியில் உரசித் தீப்பிடித்தது என்ற செய்தி உங்கள் பத்திரிகையிலேயே வருடா வருடம் வருகிறது. காரணம் எளிய கணக்கு. சாலையைக் கடக்கிற தாழ்வழுத்தக் கம்பி, அதாவது வீட்டுக்கும் பம்பு செட்டுக்கும் போகிற மின்கம்பி, 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சாலை அல்லாத இடங்களில், அதாவது வயல்வெளியில், 4.6 மீட்டர் இருந்தாலே போதும். பதினைந்து அடி. டிரெய்லர் தளம் தரையிலிருந்து நான்கடி. அதன் மேல் ஐந்து வரிசை ரோல் அடுக்கினால் கிட்டத்தட்ட ஒன்பது அடி. ஆகப் பதின்மூன்று அடி. இன்னும் இரண்டடி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அடுக்குகிற ஆள் ரோலின் மேல் நிற்கிறாரே! அவர் தலை கம்பிக்கு மேலே போய்விடுகிறது. வெயிலில் கம்பி இன்னும் கொஞ்சம் தொய்யும். மதகு மேட்டில் வண்டி ஏறும்போது அந்த இரண்டடியும் குறையும்.

அதனால் என் வண்டியில் நான்கு வரிசைக்கு மேல் ஏற்ற மாட்டேன். வண்டி நகரும்போது மேலே ஆள் உட்கார விட மாட்டேன். முதல் வரிசையைக் குறுக்கே படுக்க வைத்து, அடுத்த வரிசையை இரண்டு ரோலுக்கு நடுவில் விழுகிற பள்ளத்தில் பதித்து, பின்னாலிருந்து முன்னால் இரண்டு கயிறு குறுக்காக இழுத்து இறுக்குவோம். "இன்னும் ஒரு வரிசை போடுங்கண்ணே, ஒரு நடை மிச்சமாகும்" என்று வியாபாரிகள் கேட்பார்கள். அந்த ஒரு நடைக்கான டீசல் காசை நான் கூலியில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், கொடுக்கத்தான் செய்கிறார்கள். கம்பி தொய்ந்து கிடந்தால் அறுப்புக்கு முன்பே லைன்மேனிடம் சொல்லிவிடுவோம், வந்து இழுத்துக் கட்டிக் கொடுக்கிறார். எல்லா ஊரிலும் மார்கழியிலேயே இதைச் செய்துவிட்டால் நல்லது. யாராவது புகார் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், வைக்கோல் வண்டி போகிற வழிகளை மின்வாரியம் ஒரு சுற்று பார்த்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் சில கோரிக்கைகள் இருக்கின்றன. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரும் கருவிகளும் வாடகைக்குத் தருகிறது. செல்போனிலேயே பதிவு செய்யலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. அந்த வாடகைப் பட்டியலில் வைக்கோலை வயலுக்கு வெளியே கொண்டுவருகிற கருவியும் சேர வேண்டும். நான் கேட்பது விலை உயர்ந்ததில்லை. தாழ்ந்த தளமும் அகலமான டயரும் உள்ள டிரெய்லர், பவர் டில்லரும் மினி டிராக்டரும் இழுக்கிற அளவில். தளம் இரண்டடி உயரத்தில் இருந்தால் ரோலை எறிந்து ஏற்ற வேண்டாம், பெண்களே வைத்துவிடலாம், ஏற்றிய உயரமும் குறையும். அகல டயர் முளையை அவ்வளவாக அமுக்காது. அப்புறம் கையால் தள்ளுகிற இரண்டு சக்கர வண்டி, ஒரு நேரத்தில் மூன்று நான்கு ரோல் வைத்து வரப்பு மேல் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்யலாம், ஆனால் சரியான அளவை ஒருவர் வரைந்து தர வேண்டும். சக்கரம் எவ்வளவு பெரிது, பாரம் அச்சுக்கு எந்தப் பக்கம், வரப்பு அகலத்துக்கு என்ன தோது என்பதெல்லாம் படித்தவர்கள் பார்க்க வேண்டிய வேலை. குமுளூர் கல்லூரியில் இருக்கிறவர்கள் இதை எடுத்துச் செய்தால், மாணவர்கள் எங்கள் வயலுக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டும். சோறு எங்கள் வீட்டில்.

பெரிய ரோல் மெஷினுக்கு மானியம் கொடுப்பதாக இருந்தால், தூக்குகிற கருவி, முன்பக்க எடை, காப்புச் சட்டம் உள்ள டிராக்டர் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். செய்து காட்ட வருகிற விற்பனையாளர்களும், கட்டிக் காட்டுவதோடு நிறுத்தாமல், அந்த ரோலை அதே வயலிலிருந்து லாரியில் ஏற்றும் வரை செய்து காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகு விவசாயி முடிவு செய்துகொள்வார்.

ஏற்றுகிற ஆட்களைப் பற்றியும் எழுத வேண்டும். வைக்கோல் தூசியில் நாள் முழுக்க நிற்கிறார்கள். சாயங்காலம் கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் சிவந்து அரிக்கும், இருமல் வரும். ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதுதான் அவர்களுக்கு இருக்கிற பாதுகாப்பு. சணலில் விரலை விட்டுத் தூக்கித் தூக்கி உள்விரலில் காப்புக் காய்த்திருக்கும். என் வண்டியில் வருகிறவர்களுக்குக் கைக்கொக்கி செய்து கொடுத்திருக்கிறேன், மூட்டை தூக்குகிறவர்கள் வைத்திருப்பது போல. சணலைத் தொடாமல் ரோலின் பக்கவாட்டில் குத்தித் தூக்கலாம், முதுகும் அவ்வளவு வளையாது. கையுறையும் முகக்கவசமும் ஒரு நாள் டீ செலவு அளவுக்குத்தான் ஆகும். மெஷின் வைத்திருப்பவர்கள் வாங்கிக் கொடுக்கலாம்.

நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உளுந்து விதைப்புக்கும் நெல் ரகங்களுக்கும் அங்கே பயிற்சி நடக்கிறது, நானும் போயிருக்கிறேன். அடுத்த சம்பா அறுப்புக்கு முன்பாக, மார்கழிக் கடைசியில் ஒரு நாள், வைக்கோல் ஏற்றுகிறவர்களுக்கும் மினி டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கும் அங்கே ஒரு பயிற்சி வைத்தால் சுற்று வட்டாரத்திலிருந்து நிறையப் பேர் வருவார்கள். பாரம் கட்டுவது, முன் எடை மாட்டுவது, கம்பிக்கு அடியில் எப்படிப் போவது என்று வண்டியை வைத்தே காட்ட வேண்டும். என் டிராக்டரையும் டிரெய்லரையும் அன்றைக்கு நான் கொண்டுவந்து நிறுத்துகிறேன், வாடகை வேண்டாம். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் பார்வைக்குப் போகும்படி இந்தக் கடிதத்தை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.